மெழுகு மண்

நரியின் காலடி பொறியின் மேலேயே பதிந்திருந்தது.

சரியாக மிதிதட்டின் நடுவில், மெல்லிய பனித்தூளில், நான்கு விரலும் தெளிவாக. வந்திருக்கிறது, மிதித்திருக்கிறது, தன் பாட்டுக்குப் போயிருக்கிறது. பொறி வாயைத் திறந்தபடியே கிடந்தது.

டெல்ஃபின் முழங்காலிட்டாள். பின்னால் நின்ற அவள் கணவன் காஸ்பார் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"மேடை போட்டுக் குடுத்திருக்கே. அதுவும் ஏறி நின்னு ஊரைப் பாத்துட்டுப் போயிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்குள் ஒரு நரித்தோலாவது வீட்டில் காயாவிட்டால், அவள் பெயரில் பொறி வைக்கும் உரிமையுள்ள இந்த ஏரிக்கரைத் தடத்தை யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டு வின்னிபெக் நகரத்துக்குப் போய்விடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அங்கே அவனுக்கு அண்ணனின் கிடங்கில் வேலை காத்திருந்தது. அவளுக்கு எதுவும் காத்திருக்கவில்லை.

பூசைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

பொறிக்கு அடியிலும் மேலும் எதைப் போட்டு மூடுவது என்பதுதான் இந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குத் தலைவலி. ஈரம் கோத்தால் உறையும். உறைந்துவிட்டால் நரி என்ன, கரடியே மிதித்தாலும் பொறி மூடாது. சதுப்பில் அள்ளிக் காயவைத்த பாசியைப் போட்டுப் பார்த்தாள். உறைந்தது. ஊசியிலைச் சருகு. உறைந்தது. தீவனக் கடையில் கெஞ்சி வாங்கிய உமி. அதுவும் பாறை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று காஸ்பார் அப்போதும் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் அவளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தான். நல்ல மனிதன்தான்.

கடைசியில் வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்து போய், மழையே காணாத மண்ணைச் சுரண்டி எடுத்தாள். மாவுச் சல்லடையில் சலித்து, அடுப்பில் வறுத்து, மெழுகைச் சீவிப் போட்டுப் புரட்டினாள். ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பார்த்தால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடியது. இதையும் மீறி உறைந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நேற்றுக் கொண்டுவந்து போட்டாள்.

இன்று இதுவும் உறைந்து கிடக்கிறது.

கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். உறைந்திருந்தது மண் இல்லை. மண்ணுக்கு மேலே ஐஸ், தட்டுப் போட்டு மூடியது போல. நகத்தால் நெம்பினாள். வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அடியில் மெழுகு மண் பொலபொலவென்று, அவள் வறுத்தெடுத்த பதத்திலேயே இருந்தது.

தரையின் ஈரம் கீழேயிருந்துதான் ஏறும். மேலே எங்கிருந்து வந்தது?

அண்ணாந்து பார்த்தாள். குளிர் தொடங்கியதிலிருந்து வானம் பனித்தூளைத் தவிர எதையும் போடவில்லை. வெயில் ஒரு கூரையைக்கூடச் சொட்டவைக்கவில்லை.

வில்லையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விடு டெல்ஃபின். மண்ணு ஒத்துழைக்க மாட்டேங்குது, நீ என்ன பண்ணுவ?"

அவன் குரல் இதமாக இருந்தது. கையில் எப்போதும் போல ஊசியிலைக் கிளை. அவள் பொறியை வைத்துவிட்டு முன்னால் நடப்பாள். அவன் பின்தங்கி, இருவர் காலடியையும் கிளையால் பெருக்கி அழித்துவிட்டு வருவான். கல்யாணமானதிலிருந்து அதுதான் ஏற்பாடு. இந்தக் குளிர்காலத்தில் அவன் தோளில் ஒரு பிளாஸ்க்கும் சேர்ந்திருந்தது.

அவளுக்கு விரல் மரத்துவிட்டது. "அந்த டீயில ஒரு வாய் குடு."

"பொறிகிட்ட டீ வாசனையே ஆகாதுன்னு என்னைப் பிடிச்சுத் திட்டுவியே? வீட்டுல போய்க் குடிக்கலாம், வா."

அது அவள் போட்ட சட்டம்தான். சர்க்கரை வாசனை பட்டால் நரி பொறியைத் தோண்டிப் போட்டுவிடும். அதனால்தான் அந்தப் பிளாஸ்க்கை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை.

"குடு, காஸ்பார்."

தோளிலிருந்து கழற்ற அவனுக்கு வெகு நேரம் ஆனது.

மூடியைத் திருகினாள். ஆவி வந்தது. வாசனை வரவில்லை. ஒரு வாய் குடித்தாள்.

வெறும் சுடுதண்ணீர்.

அவனைப் பார்க்காமல், மிச்சத்தைப் பொறிக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றினாள். அது பரவி, புகைந்து, அடங்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, அவர்கள் கண்ணெதிரிலேயே தட்டாக இறுகியது.

"உன் விரலைப் பாரு, எப்படி நீலம் பாரிச்சிருக்கு," என்றான் அவன் மெல்ல. "வின்னிபெக்ல வீடு சூடா இருக்கும், டெல்ஃபின்."

அதில் பொய் இல்லை. அவளுக்கு அழுகை முட்டியது அதனால்தான். ஆனால் அழவில்லை.

ஐஸ் வில்லையைத் தூர எறிந்தாள். பையிலிருந்து புது மெழுகு மண்ணை அள்ளிப் போட்டு, பொறி ஆடாமல் அமர்த்தி, மேலே தூவி மூடினாள். எழுந்து, அவன் கையிலிருந்த கிளையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு நீ முன்னாடி நட."