என் வேலைக்கு ஆள் தேவை

என் வேலையைக் கேட்டு வந்த வெள்ளைக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டோர் ரூமில், மாவு மூட்டைகளுக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

நேர்காணல் முடியும்வரை நான் கடைப்பக்கமே தலைகாட்டக் கூடாது என்பது வக்கீலின் கண்டிப்பான உத்தரவு. பஸ் நிறுத்தம் வரைக்கும் போகத்தான் செய்தேன். மனசு கேட்கவில்லை. பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு கிரீன் கார்டு கிடைக்க வேண்டுமென்றால், முதலாளி அஸ்கலே அக்கா எனக்கு நிரந்தர வேலை தர வேண்டும். அதற்கு முன்னால், இந்த வேலைக்கு அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம். எத்தியோப்பிய உணவகத்தில் இஞ்ஜெரா சுட ஆள் தேவை, இரண்டு வருட அனுபவம் அவசியம். இஞ்ஜெரா என்பது எங்கள் ஊர்ப் புளித்த தோசை.

தகுதியுள்ள ஒரே ஒரு அமெரிக்கர் வந்து வேலை வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், என் கதை முடிந்தது.

"மேரிலாந்துல எந்த அமெரிக்கன் இஞ்ஜெரா சுட வரப் போறான்? போய் நிம்மதியா தூங்கும்மா" என்று வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் வாங்கியிருப்பார்.

இதோ, வந்துவிட்டாரே!

பெயர் வென்டெல். அறுபதைத் தாண்டியவர். வாலிபத்தில் எங்கள் நாட்டில், தெப்ரே மார்கோஸில், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தாராம். அதை எங்கள் அம்ஹாரிக் மொழியிலேயே சொன்னார். அதுவும் அந்தப் பக்கத்து இழுவையோடு.

அக்கா அடுத்த கேள்விக்குத் தாவினார். "கடையில சுட்ட அனுபவம் இருக்கா?"

"சியாட்டில்ல ஒரு ஹோட்டல்ல மூணு வருஷம் சுட்டேன். அடுப்பு எங்கே, சுட்டுக் காட்டட்டுமா?"

இஞ்ஜெரா சுடுவது சத்தத்திலேயே தெரிந்துவிடும். புளித்த மாவை அகலமான கல்லில் வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். கை தயங்கினால் மாவு சொட்டும். அவருக்குச் சொட்டவில்லை. மூடியையும் நான் போட்டிருக்கக்கூடிய அதே நொடியில் போட்டார், படுபாவி.

"அடேயப்பா, கண்ணு கண்ணா எவ்வளவு அழகா வந்திருக்கு!" என்றார் அக்கா.

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சோதனைக்கு வந்த சுகாதார அதிகாரியிடம், எலி போன பொந்தைத் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய புண்ணியவதி. நான் சால்வை நுனியை வாயில் கடித்துக்கொண்டேன். ஊருக்கு எந்த மாதம் டிக்கெட் மலிவு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

கேள்வி கேட்டு அனுப்புங்கள், வேறு எதுவும் கூடாது என்பதும் வக்கீல் சொன்னதுதான். ஆனால் வந்தவரைப் பட்டினியாக அனுப்புகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. காலையில் நான் சுட்ட இஞ்ஜெராவை விரித்து, மேலே கடலைமாவுக் குழம்பை ஊற்றித் தட்டை வைத்தார் அக்கா. அது போதாதென்று, பழக்க தோஷத்தில் ஒரு கவளம் உருட்டி அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.

பிரியமானவர்களுக்கு நாங்கள் கையால் ஊட்டுவோம். வேலை கேட்டு வந்தவருக்கு ஊட்டி நான் பார்த்ததில்லை. கதவிடுக்கு வழியாக அதையும் பார்த்தேன்.

வென்டெல் சமர்த்தாக வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். இரண்டு மெல்லு மென்றவர், நிறுத்தினார்.

"இது யார் சுட்டது?"

"எங்க ஷிதாயே." நான்தான்.

"அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போகுதா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு ஆள் தேடறீங்க?"

"அவ போகாம இருக்கறதுக்குத்தான்" என்றார் அக்கா.

போச்சு. இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார்.

வென்டெல் கடகடவென்று சிரித்தார்.

"முனைக் கடையில சனிக்கிழமை தவறாம உங்க இஞ்ஜெரா பாக்கெட்டைத்தான் வாங்கறேன். விளம்பரத்தைப் பார்த்ததும், ஐயோ, சுடறவங்க போறாங்க போலிருக்கேன்னு பதறி ஓடி வந்தேன். அவங்க இருக்காங்கன்னா எனக்கு எதுக்கு இந்த வேலை? இந்த வயசுல நாள் பூரா நின்னா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? எனக்கு வேண்டாம்னு நானே எழுதித் தர்றேன்."

எழுதியும் கொடுத்தார். தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

வாசற்கதவு சாத்தியதுதான் தாமதம், நான் மூட்டைகளைத் தாண்டிக் குதித்துக் குலவையிட்டேன். அக்கா என்னைப் பார்த்து அலறி, கரண்டியால் முதுகில் ஒன்று வைத்து, பிறகு கட்டிக்கொண்டு தானும் குலவையிட்டார். பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று எட்டிப் பார்த்தார்.

அவர் சுட்டது கல்லுக்குப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். என்னுடையதற்குக் கொஞ்சமும் குறையவில்லை. நல்ல வேளை அந்த மனுஷன் போய்விட்டார்.

"ஏய், பையை மறந்துட்டுப் போயிட்டார் பாரு. ஓடிப் போய்க் குடுத்துட்டு வா" என்றார் அக்கா.

நாற்காலியடியில் ஒரு துணிப்பை. எடுத்த வேகத்தில் உள்ளே இருந்தது சரிந்து விழுந்தது.

சமையல்காரர்கள் கட்டிக்கொள்ளும் வெள்ளை ஏப்ரன். மடிப்புக் கலையாத புதுசு. மார்பில் நீல நூலில், அம்ஹாரிக் எழுத்தில், கையாலேயே அவர் பெயரைத் தைத்திருந்தார்.

அதன் கீழே எங்கள் கடையின் பெயர்.