தேய்த்து அழித்த எண்

கசாக் எல்லைச் சாவடியின் மேசைமேல், ஜிபார்குலுடைய அப்பாவின் நூறு வருடத்துப் பழைய வேட்டைத் துப்பாக்கி வெயிலில் கிடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அல்மாட்டி நகரத்தில் படுக்கையாகிவிட்ட அவளுடைய அண்ணன் அதை ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கேட்டிருக்கிறான். அனுமதிச் சீட்டிலுள்ள துப்பாக்கி எண்ணின் ஐந்து இலக்கங்களில் மூன்றுதான் குழலில் மங்கலாகத் தெரிகின்றன.

"மிச்சம் துருவுக்கு அடியில இருக்கும்க்கா" என்று அதிகாரி கம்பித் தூரிகையால் பரபரவென்று தேய்க்கிறான்.

"ஐயோ, நிறுத்துடா!" என்று ஜிபார்குல் கத்துகிறாள்.

செந்தூள் பறக்கிறது. குழல் பளபளக்கிறது, இருந்த மூன்றும் போய்விட்டன.

"நம்பர் இல்லாத துப்பாக்கிய விட முடியாதுக்கா."

அவள் துப்பாக்கியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, தடுப்புக் கட்டைக்கு நேர்கீழே சாலையில் சப்பணம் போட்டு உட்காருகிறாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன.

"அழிச்சது நான்தான்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. அப்புறம் எந்திரிக்கிறேன்."