பூஜ்யம் என்றால் நலம்

விடுப்பு முடிந்து வந்த முதல் நாளே ரமணனின் கண்ணில் பட்டுவிட்டது.

"அஃப்னா, என் ஸ்கிரிப்ட்ல கை வச்சது யாரு?"

"நான்தான் சார்."

ரமணன் கையிலிருந்த லட்டு டப்பாவை மேசைமேல் வைத்தார். மகள் இனியாவின் கல்யாண லட்டு. அதுவரை ஆளாளுக்கு அதை நீட்டி, "நாலு நாள் லீவு. ஒரு தடவைகூட ஆபீஸ்லேர்ந்து போன் அடிக்கலை. நான் எழுதினா அப்படித்தான் ஓடும்!" என்று அளந்துகொண்டு வந்தவர்.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் அந்த நிறுவனம் ஆறு வட்டாரத்துக் கடைகளுக்குப் பூமாலை அனுப்புகிறது. தினமும் காலை ஆறு மணிக்குக் கணினியில் ரமணன் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் தானாக எழுந்து, வட்டாரத்துக்கு ஒன்றாக ஆறு வேலைகளைப் பின்னணியில் ஒரே சமயத்தில் கிளப்பிவிடும். எந்தக் கடைக்கு எத்தனை மாலை என்று ஒவ்வொரு வேலையும் ஒரு பட்டியல் எடுக்கும். முடியும்போது ஓர் எண்ணை விட்டுப் போகும். பூஜ்யம் என்றால் நலம். வேறு எதுவானாலும் கோளாறு. அந்த வேலையை எழுதியவரின் கைப்பேசி அந்த நிமிடமே அலறும்.

"முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"ஆறு வேலைக்கும் தனித்தனியா வெயிட் பண்ணி, ஒவ்வொண்ணோட நம்பரையும் கேட்டு வாங்கற மாதிரி எழுதியிருந்தீங்க சார்."

"இப்ப?"

"பொதுவா ஒரே ஒரு வெயிட்."

"அதுக்கு என்ன பதில் வரும்?"

"எப்பவும் பூஜ்யம்தான் சார்."

"ஆறும் பாதியில செத்து விழுந்தாலும்?"

"விழுந்தாலும்."

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே!"

ரமணனுக்குத் தொண்டை திறந்துகொண்டது.

"ஆறு பேரை ஆறு காரியத்துக்கு அனுப்பறோம். திரும்பி வந்தா ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கூப்பிட்டு, போன காரியம் என்னாச்சுன்னு கேட்கணும். நீ என்ன செஞ்சே? வாசல்ல நின்னுக்கிட்டு, 'எல்லாரும் வந்தாச்சா, ரொம்ப சந்தோஷம்'னு கதவைச் சாத்திட்டே!"

வேன் ஓட்டும் ரெங்கசாமி மூன்றாவது லட்டை வாயில் அடக்கியபடி, "விடுங்க லா சார்" என்றார்.

"எப்படி விடறது? இன்னைக்கு இவளுக்கு புரொபேஷன் முடியுது. நான் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நிரந்தரம்." ரமணன் அஃப்னாவின் பக்கம் திரும்பினார். "என் பொண்ணு கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிஞ்சப்புறம் ஆடி அசைஞ்சு வந்த ஆள்தானே நீ?"

படிவத்தை எடுத்தார். குறிப்புகள் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். தெரிந்தே செய்ததைக் கவனக்குறைவு என்பது பிழையாயிற்றே என்று தோன்றியது. அதை அடித்துவிட்டு, 'பொறுப்பின்மை' என்று திருத்தமாக எழுதினார்.

"ஏதாவது சொல்லணுமா?"

"இல்லை சார். பழைய வரியை எல்லாம் இன்னைக்குத் திரும்பப் போட்டுடலாம்னுதான் இருந்தேன்."

"நானே போடறேன். பார்த்துக் கத்துக்க."

போட்டார். ஓட்டினார். திரையில் வரிசையாகப் பூஜ்யங்கள் விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறாவதாக விழுந்தது பூஜ்யம் இல்லை.

லட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த கைப்பேசி அலறியது. ரமணனுடையது. எடுத்தால், பதிவுசெய்த குரல்: "செங்காங் பட்டியல் தோல்வி. செங்காங் பட்டியல் தோல்வி."

செங்காங் வட்டாரத்து வேலையை எழுதியவர் ரமணன். அதன் தலையிலேயே அவர் எழுதி வைத்த எச்சரிக்கையும் இருந்தது: 'ரமணனைத் தவிர வேறு யாரும் இதில் கை வைக்கக் கூடாது.'

"எத்தனை நாளா இப்படி?" குரல் பாதியாகியிருந்தது.

"நீங்க லீவுல போன அன்னைக்கு, சனிக்கிழமை சாயங்காலம், செங்காங்ல புதுசா ஒரு கடை சேர்ந்துச்சு சார். கடைப் பேருக்கு நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. உங்க ஸ்கிரிப்ட் அதை ரெண்டு கடைன்னு நினைச்சுக் குழம்பி நின்னுடுது. அதை மட்டும் தனியா ஓட்டிப் பார்த்தப்பவே தெரிஞ்சுடுச்சு."

"ஆனா செங்காங்ல யாருமே மாலை வரலைன்னு சொல்லலையே!"

"எப்படிச் சொல்லுவாங்க?" என்றார் ரெங்கசாமி. "நாலு நாளா காலையில ஆறு மணிக்கு அஃப்னா போன் வந்துடும். பழைய ஆர்டரை எல்லாம் பார்த்துக் கையால எழுதி வச்சுக்கிட்டு, நாப்பது கடைக்கும் ஒண்ணு விடாம படிக்கும். ஞாயித்துக்கிழமை பட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பாம வீட்டு வாசல்ல நின்னு படிச்சுச்சாம்!"

ரமணன் அந்தப் படிவத்தை நாலாகக் கிழித்தார். இன்னொன்றை எடுத்து, குறிப்புகளுக்கெல்லாம் போகாமல் முதலில் கையெழுத்தைப் போட்டார். டப்பாவையே அஃப்னாவின் பக்கம் தள்ளினார். ரெங்கசாமி நிறைய விட்டு வைத்திருக்கவில்லை. அப்புறம்தான் கேட்டார்.

"ஏம்மா, என் போனை அடிக்க விட்டிருந்தா நான் எடுத்துச் சரி பண்ணியிருப்பேனே?"

அஃப்னா கடைசி லட்டை எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"எடுத்திருப்பீங்க சார், அதான் பயமே. காலை ஆறு மணிக்கு முகூர்த்தம்னு பத்திரிகையில போட்டிருந்தீங்களே!"