நாற்பத்தேழு வயதில் அட்மிஷன்

“மாணவி எங்கே?” என்று விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார் அட்மிஷன் கிளார்க்.

“நான்தான் சார்.”

கிளார்க் நிமிர்ந்தார். காதோரம் நரைத்த பெண்மணி. விரல் நகங்களில் காய்ந்த பசை. பக்கத்து நாற்காலியில் அவளுடைய தம்பி, வேன் டிரைவர், கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தான்.

“நீங்களே சொல்லுங்க சார்,” அவன் ஆரம்பித்துவிட்டான். “எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் டிகிரியாம். மூணு வருஷம். இப்ப நாற்பத்தேழு. முடிச்சு வெளிய வரும்போது ஐம்பது. கிளாசுக்குள்ள வாத்தியார் வந்தா எங்கக்கா எழுந்து நிக்கணுமா, இல்லை எங்கக்காவைப் பார்த்து வாத்தியார் எழுந்து நிக்கணுமா?”

கிளார்க்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“என்னம்மா வேலை பார்க்கறீங்க?”

“பிரஸ்ல பைண்டிங் சார். இருபத்திரண்டு வருஷமா.”

“அதை விட்டுட்டா படிக்கப் போறீங்க?”

“இல்லை சார். பகல்ல காலேஜ், சாயங்காலம் வேலை. முதலாளி சரின்னுட்டார். சம்பளம்தான் பாதி.”

“கேட்டீங்களா சார்? சம்பளம் பாதி, ஃபீஸ் மட்டும் முழுசு!”

கிளார்க் விண்ணப்பத்தில் அவள் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். கல்லூரிச் சம்பளம் வாங்கினாலும், மனசுக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிற ஆள் அவர்.

“ஃபீஸ், லேப், பரீட்சை, டூல் கிட். எல்லாம் சேர்த்தா உங்க ரெண்டு வருஷச் சம்பளம் போயிடும்மா. படிச்சவங்களுக்கு சர்வீஸ் சென்டர்ல வேலை கிடைக்குது, இல்லைன்னு சொல்லலை. ஆனா சின்னப் பசங்களைத்தான் எடுக்கறாங்க. ஆரம்பச் சம்பளமும் நீங்க இப்ப வாங்கறதைவிடக் கம்மி. போட்டதை எடுக்கவே ஏழெட்டு வருஷம் ஆகும். ஆறு மாசக் கோர்ஸ் ஒண்ணு இருக்கு. செல்போன், மிக்சி, ஃபேன் எல்லாம் சொல்லித் தருவாங்க. செலவும் கம்மி. அதுல சேருங்களேன்.”

“வேண்டாம் சார். டிகிரிதான் வேணும்.”

“பார்த்தீங்களா பிடிவாதத்தை?” தம்பியின் குரல் உயர்ந்தது. “அக்கா, நீ ஃபீஸ் கட்டப் போறது யாரு பணம்? பாப்பாவைப் படிக்க வைக்கணும்னு வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்த பணம்.”

சட்டென்று நிறுத்தினான். கிளார்க் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

“அக்காவுக்கு ஒரே பொண்ணு சார். மாமாவும் இல்லை. பதினஞ்சு வயசு, நுரையீரல் கோளாறு. பாப்பா போய் எட்டு மாசம்தான் ஆகுது. ‘பொண்ணு பணத்துல அம்மா காலேஜ் போறாளாம்’னு பிரஸ்ல இப்பவே பேசறாங்க. பேங்க்ல கிடந்தா வயசான காலத்துக்கு ஆகும்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன். காதுலயே வாங்கிக்க மாட்டேங்குது.”



கிளார்க்குக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எட்டே மாதத்தில், அந்தக் குழந்தையின் பணத்தில்... நமக்கென்ன வந்தது என்று ஒதுக்கிவிட்டு, “சான்றிதழ் நகல் ஒண்ணு குறையுதே” என்றார்.

அவள் எழுந்தாள்.

“நீ உட்காருக்கா. இந்த வெயில்ல எங்க போவே?” முணுமுணுத்துக்கொண்டே சான்றிதழை வாங்கிக்கொண்டு தம்பி வெளியே போனான்.

“நல்ல தம்பிம்மா,” என்றார் கிளார்க். “அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. லாபம் இல்லைன்னு உங்களுக்கே தெரியுது. அப்புறம் எதுக்கு?”

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே ஜெராக்ஸ் கடை வரிசையில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

“பாப்பாவுக்கு வீட்டுல ஆக்சிஜன் மெஷின் வச்சிருந்தோம் சார். திடீர்னு ரிப்பேர் ஆச்சு. கம்பெனி ஆள் வர மூணு நாளாகும்னாங்க. கையில இருந்த சிலிண்டர் ஒரு நாளைக்குத்தான் வந்துச்சு. அப்பதான் இவன் மெஷினைப் பிரிச்சு, என்னமோ பண்ணி ஓட விட்டான். பாப்பா ‘மாமா’ன்னு அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டா. சரியாயிடுச்சுன்னு கம்பெனி ஆளையும் வர வேண்டாம்னுட்டோம். பத்து நாள் நல்லா ஓடிச்சு. பதினோராம் நாள் மத்தியானம் நின்னுடுச்சு. நான் பிரஸ்ல இருந்தேன்.”

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார்.

“மெஷின் பழசு, அதான் நின்னுடுச்சுன்னு தம்பி நினைச்சுக்கிட்டிருக்கான். ஆனா காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் வந்த கம்பெனி ஆளு, மூடியைத் திறந்து பார்த்துட்டு, ‘தெரியாதவங்க உள்ள கை வச்சிருக்காங்க, அதான்’னு சொன்னான். யார்கிட்டயும் சொல்லிடாதேப்பான்னு அவன் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன்.”

“அடடா...”

“எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான் சார். இவன் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. மெஷினை யாருக்கும் கொடுக்கலை, அப்படியே கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். ஆஸ்பத்திரி மெஷினெல்லாம் இந்த டிகிரியிலதான் வருமாம், விசாரிச்சுட்டேன். அந்தக் கம்பெனி ஆளு ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுச் சொன்னான். நான் மூணு வருஷம் படிச்சுட்டுப் பார்க்கறேன். தம்பி கை வச்சதால இல்லைன்னு எனக்குத் தெரியணும்.”

“அதாலதான்னு தெரிஞ்சா?”

“என்னோட போகட்டும்.”

“இல்லைன்னு தெரிஞ்சா, அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி...”

“ஐயோ, அப்பவும் சொல்லக் கூடாது சார்.” தம்பி தெருவைக் கடந்து வருவதைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவன்மேல எனக்கு இப்படி ஒரு சந்தேகம் இருந்துச்சுன்னே அவனுக்குத் தெரியக் கூடாது.”