நுனி கிள்ளிப் பதினைந்தாம் நாள்

“பதினஞ்சு நாளாச்சு பெய்-ஜுன். நுனியைக் கிள்ளினா ஆறு கிளை வெடிக்கணும். இங்க ரெண்டுதான் எட்டிப் பாக்குது.”

மாமனார் லியாவ் தொட்டியைக் கண்ணருகே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயில் அடக்கியிருந்த பாக்கை மெல்லக்கூட மறந்துவிட்டார்.

மருமகள் பெய்-ஜுன் அடுத்த தொட்டியை எடுத்துப் பார்த்தாள். பசுமைக்குடிலில் மூவாயிரம் தொட்டிகள். டிசம்பரில் இலை சிவக்கும் கிறிஸ்துமஸ் செடிகள். எல்லாமே குச்சி குச்சியாக நின்றன. தைபேயின் பெரிய கடையிலிருந்து நாளைக் காலை ஆள் வருகிறார். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் போதும், நிலத்தை விலை பேசக் காத்திருப்பவன் மறுநாளே வாசலில் நிற்பான்.

“ஆராய்ச்சி நிலையத்துக்கு இலை அனுப்பியிருக்கேன்,” என்றார் லியாவ். “அந்தக் கிருமி இருக்கா இல்லையான்னு பாக்கச் சொல்லி. இன்னிக்கு போன் வரும்.”

அவள் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தாள். “எந்தக் கிருமி, மாமா?”

“தெரியாத மாதிரி கேக்காத. இலைச் சாறு உறிஞ்சுற தத்துப்பூச்சி பரப்புமே, அந்த ஜாதி. ஆர்க்கிட் ஆய்வுக்கூடத்துல எட்டு வருஷம் குப்பை கொட்டினவ, உனக்கா தெரியாது?”

நன்றாகவே தெரியும். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில், பழைய தோழி ஒருத்தியிடம் இலையைக் கொடுத்துச் சோதித்ததில் அது அகப்பட்டது. கிளை வெட்டி நடுவதற்கென்றே வைத்திருந்த தாய்ச்செடிகள் அத்தனையிலும் கிருமி. ஆர்க்கிட் கூடத்தில் ஒரு பாட்டிலில் கிருமி தெரிந்தால் அந்த அலமாரியையே காலி செய்வார்கள். அந்தப் பழக்கம் அவள் ரத்தத்தில் ஊறியிருந்தது.

மாமனார் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பல மாதம் படுத்திருந்தபோது அவள் காரியத்தில் இறங்கினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. கிருமி எட்டாத துளிர் நுனியைக் கடுகளவு நறுக்கி, பாட்டிலில் வளர்த்து, புதுத் தாய்ச்செடிகளை உண்டாக்கினாள். குடிலுக்குப் பூச்சி நுழையாத வலை போட்டாள். பழசு முற்றிவிட்டது, புதுசு வைத்திருக்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொன்னாள். இந்த மூவாயிரமும் அவற்றிலிருந்து வெட்டி நட்ட முதல் செடிகள்.

போன வாரம் வலையின் மூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசலைப் பார்த்தாள். அன்றிலிருந்து தூக்கமில்லை. கிருமி திரும்பிவிட்டதென்றால் பழி அவள் தலையில்தான்.

“அது பொல்லாத கிருமி, மாமா,” என்றாள், சும்மா இருக்க முடியாமல். “மரபணு முழுசையும் படிச்சுப் பாத்துட்டாங்க. தனக்கு வேணுங்கறதைத் தானே செஞ்சுக்கத் தெரியாத ஜென்மம். அதுக்கான மரபணுவெல்லாம் எப்பவோ தொலைஞ்சு போச்சு. செடியோட சாத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு, செடி சமைக்கிறதைத் தின்னுக்கிட்டே கிடக்கும்.”

“என் பையன் மாதிரின்னு சொல்லு.”

இருவருக்குமே சிரிப்பு வரவில்லை. லியாவ் மேசையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அவருக்குக் காது மந்தம் என்பதால் அவளே ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

“லியாவ் அண்ணே, நான் சூ பேசறேன், ஆராய்ச்சி நிலையத்துலேருந்து. நீங்க கேட்ட கிருமியோட மரபணு அடையாளத்தை வச்சு மூணு தடவை தேடிட்டோம். முப்பது இலையிலயும்.”

“இருக்கா?” என்றார் லியாவ்.

பெய்-ஜுன் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுத்துலயும் இல்லண்ணே. சுத்தமான செடி.”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. போனை வைத்ததும் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. “நான்தான் மாமா. நீங்க படுக்கையில இருந்தப்ப நுனித்துளிரை எடுத்து பாட்டில்ல வளத்து, கிருமியை ஒழிச்சேன். பழைய தாய்ச்செடி ஒண்ணு விடாம எரிச்சிட்டேன். கிளை வராததுக்கு வேற ஏதோ காரணம். உரமா இருக்கும். நாம கண்டுபிடிச்சிடலாம்.”

கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டியின் மேல் லியாவ் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா?”

“ஒண்ணுகூட இல்ல மாமா. வேரோட எரிச்சிட்டேன்.”

“இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தச் செடியும் இப்படித்தாம்மா, ஒத்தைக் குச்சியா வளந்து நின்னுச்சு,” என்றார் அவர். “ஒரு நோயாளிச் செடியோட ஒட்டுக் கட்டி, அந்தக் கிருமியை நான்தான் உள்ள ஏத்தினேன், அது இருந்தாத்தான் இது குட்டையா, புதராக் கிளைக்கும்.”