வாப்பாவுக்கு ஒரு சாய்தளம்

அந்தப் பள்ளியில் கணக்குப் பரீட்சைக்கு விடைத்தாள் கிடையாது. பிள்ளைகள் கணினியில் வடிவமைக்கும் பொருளைப் பள்ளி இயந்திரம் வார்த்துக் கொடுக்கும். அது வீட்டில் யாருக்காவது பயன்பட்டால்தான் மதிப்பெண்.

விபத்துக்குப் பிறகு தனியாக வாசல் தாண்டாத வாப்பாவின் சக்கர நாற்காலிக்காக, ஐந்தாம் வகுப்பு சுமையா படியோரம் ஒரு சாய்தளம் செய்தாள். ஏறும்போது நாற்காலி பின்னால் சறுக்கியது.

"பயந்துட்டியளா, வாப்பா?"

"இல்லம்மா. சரிவுதான் கூடிப்போச்சு."

படியின் உயரம் மாறாது, நீளத்தைத்தான் கூட்ட வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. மறுபடி கணக்குப் போட்டு நீளமாகச் செய்தாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது.

"தனியாவே கடற்கரைக்குப் போயிருக்காக," என்றாள் பக்கத்து வீட்டு மாமி.

சுமையாவுக்குப் பசித்தது. ஆனாலும் அவர் மெதுவாகவே வரட்டும் என்று சாய்தளத்தில் உட்கார்ந்துகொண்டாள்.