ஏகமனதாக

"அந்த ரன் அவுட் சரிதான் மாமா. அம்பயர் மேல தப்பே இல்ல" என்றான் பெண் கேட்டு வந்திருந்தவன்.

பெண்ணின் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "அப்படிச் சொல்லுங்க மாப்ள! இதுக்குப் போய் ஊரே கூப்பாடு போடுது. சரி, எலெக்‌ஷன்ல யாரு வருவாங்க?"

"ஆளுங்கட்சிதான். அதுல என்ன சந்தேகம்?"

"நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிட்டீங்க! வீடியோ கேம்?"

"மூளைக்கு ரொம்ப நல்லது மாமா."

"பேஷ்!"

காபி ஆறுவதற்குள் கல்யாணம் முடிவாகிவிட்டது.

வழியனுப்ப வாசலுக்கு வந்தவளிடம் அவன் கிசுகிசுத்தான். "உங்கப்பாவுக்கு இதான் பிடிக்கும்னு நீ சொன்னதால புளுகித் தள்ளினேன். அது அவுட்டே இல்ல. இந்த ஆட்சி தேறாது. வீடியோ கேமைக் கண்டாலே எனக்கு ஆகாது!"

உள்ளே அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளைக்கு இதான் பிடிக்கும்னு நீ சொன்னியேன்னு தலையாட்டினேன். அது அவுட்டாம்மா? இந்த ஆட்சி மண்ணைக் கவ்வப் போகுது. வீடியோ கேம் மூளைக்கு நல்லதாம், கர்மம்!"

"கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படியே பேசுங்கப்பா. இல்லன்னா அவர் மனசு கஷ்டப்படும்."

வாசலில் பேசியதையும் கேட்டிருந்த அம்மா, மகளை அடுப்படிக்கு இழுத்தாள். "ரெண்டு பேரும் நினைக்கிறது ஒண்ணுதானேடி! ஏன் மாத்திச் சொன்ன?"

"நான் நினைக்கிறது வேறயாச்சேம்மா."

"அடிப்பாவி! இதையெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"ஆபீஸ்லதான். அடுத்தவங்க எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டா போதும். எங்களோடது கருத்துக்கணிப்பு கம்பெனியாச்சே!"